சித்தூர் மாவட்டம் தந்த கல்வி ஏணி

ஒரு பிள்ளை கற்றதா இல்லையா என்பதை ஆசிரியர் எவ்வாறு அறிகிறார்? கேட்பதற்கு எளிய வினா. ஆயினும் பள்ளிக்கூடத்தின் குணம் முழுவதும் இதற்குச் சொல்லப்படும் விடையில் அடங்கிக் கிடக்கிறது. விடை ஒரு விதமாக இருந்தால் பிள்ளை காலையில் ஓடி வருகிறது. வேறு விதமாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறது. தேர்வை அறவே நீக்காமல், தேர்வின் அச்சத்தை மட்டும் நீக்கிக் காட்டிய ஒரு முறை பழைய சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் உருவாயிற்று. பின்னர் அது தமிழகத்துக்கு வந்து, சில ஆண்டுகள் நம் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் ஆண்டது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

சித்தூரும் திருப்பதியும் தமிழர்க்கு அயலூர்கள் அல்ல. வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகப் பழம்புலவர் கண்டனர். பிற்காலத்தில் சித்தூர் நகரமே வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1911 ஏப்ரல் முதல் நாளில்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று; கடப்பை மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளிப் பகுதியும் அப்போது அதனோடு சேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது மாவட்டம் அதனுள் அடங்கியது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் அதனைச் சார்ந்த சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர் அங்கேயே தங்கினர். வீட்டை விட்டு ஓரடியும் பெயராமல் வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள் இவர்கள்! 2022 ஏப்ரலில் ஆந்திரம் தன் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. மதனப்பள்ளியும் சித்தூரை விட்டுப் பிரிந்தது. நாம் இங்கே சித்தூர் மாவட்டம் என்பது அப்பிரிவினைக்கு முந்திய பரப்பையே.

இந்நிலத்தில் முதலில் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு 1822இல் ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்ற மாணாக்கர் 1,88,650 பேர். அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேரே. வீட்டில் கற்றோர் இக்கணக்கில் அடங்கார். எனினும் யார் கற்றனர், யார் கற்க இயலவில்லை என்பதை இவ்வெண்களே ஒருவாறு உணர்த்துகின்றன.

திண்ணைப் பள்ளியில் ஆண்டுத் தேர்வு இல்லை. நாம் இன்று அறிந்துள்ள வகுப்புப் பிரிவினையும் இல்லை. மணலில் விரலால் எழுதும் பிள்ளையும், ஓலையில் எழுத்தாணி பிடிக்கும் பிள்ளையும், எண்சுவடி ஒப்பிக்கும் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பர். முன்னைய பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தவன் அடுத்த பாடத்துக்குச் செல்வான். ஒப்பிக்க இயலாதவன் அதிலேயே நிற்பான். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைக் கவனித்துக்கொள்வான். பொருள் விளங்காமலே மனனம் செய்தலும், பிரம்படியும், சாதி வேலியும் அம்முறையின் பெருங்குறைகள். அவற்றை மறைத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பாடுவது நேர்மை ஆகாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் நடையிலே செல்ல அங்கே இடம் இருந்தது. ஒருவனை ஒருவன் கற்பிக்கவும் இடம் இருந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனையும் சட்டாம்பிள்ளை முறையையும் தம் பள்ளியிலே புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது.

சென்னையிலிருந்து அங்கே சென்றது இது. அங்கிருந்து நமக்கு வந்தது யாது? 1862இல் இங்கிலாந்து, பள்ளிகளுக்கு ‘விளைவுக்கு ஏற்ற கூலி’ என்னும் மானிய விதியை வகுத்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைத் தனித்தனியே தேர்வு செய்வார். தேறிய தலைகளை எண்ணிப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். சில ஆண்டுகளில் சென்னை மாகாணமும் இம்முறையைக் கைக்கொண்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் இருந்த உதவிபெறும் பள்ளிகளும் இக்காற்றுக்குத் தப்பவில்லை. தேர்வு பிள்ளைக்காக இருந்த நிலை மாறி, பிள்ளை தேர்வுக்காக ஆயிற்று. இன்ஸ்பெக்டர் வரும் நாள் ஊருக்கே ஒரு சோதனை நாள் ஆயிற்று. தேற மாட்டான் என்று தோன்றிய பிள்ளையால் ஆசிரியருக்கு வருவாய் இல்லை. அவனுக்காகப் பொழுதைச் செலவிட அவருக்கு மனம் வருமா? இங்கிலாந்து அவ்விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கைவிட்டது. நம் நாட்டிலோ விதி போயிற்று; அதன் பழக்கம் போகவில்லை.

அப்பழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், திருத்தணியிலிருந்து ஒரு சிறுவர் கல்வி கற்கத் திருப்பதிக்குச் சென்றார். அங்கே லுத்தரன் மிஷன் பள்ளியில் 1896 முதல் 1900 வரை பயின்றார். பின்னர் வேலூருக்குப் படிக்கச் சென்றார். அவரே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1948இல் அமைக்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையின் சீர்திருத்தமாகவே இருக்கவேண்டும் என்பது அக்குழுவின் முடிவு. மதிப்பெண்களில் மூன்றில் ஒரு பங்கை, ஆண்டு முழுவதும் மாணவர் செய்யும் வேலைக்கு ஒதுக்கவேண்டும் என்றும் அது கூறிற்று. 1962 முதல் அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறோம். மாலை சூட்டுகிறோம், பரிந்துரையை மட்டும் ஏட்டிலே விட்டுவிட்டோம்!

மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ளது மதனப்பள்ளி. இரவீந்திரநாத தாகூர் 1919இல் அங்குத் தங்கியிருந்தபோதுதான் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதே ஊரில் 1895இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பிற்காலத்தில் உலகம் அவரை ஞானி என்று போற்றியது. பள்ளி ஆசிரியர்களோ அவரை மந்தபுத்தி என்று எடைபோட்டனர். பாடத்தில் கவனம் செல்லாமல் கனவு கண்டுகொண்டிருந்த அப்பிள்ளை ஆசிரியரிடம் பலமுறை அடிபட்டார். அவருடைய கல்விக் கருத்துகளுக்கு இதுவே முழுக் காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடுவது இருவரிடத்தும் அச்சத்தை விளைக்கும், அச்சம் உள்ள இடத்தில் அறிவு மலராது என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அடிபட்டவர் சொன்ன சொல் அது என்பதை நாம் மறத்தற்கில்லை.

மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிகொண்டா என்னும் குன்றின் அடிவாரத்தில், வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றில் அவர் விரும்பியவாறு ரிஷிவாலிப் பள்ளி எழுந்தது. கிண்டியில் நடந்துவந்த ஒரு பள்ளியே 1930களின் தொடக்கத்தில் அங்கே இடம் மாறி வளர்ந்தது என்பது நம்மவர் பலர் அறியாதது. அங்கே சிறு வகுப்புகளில் தரவரிசை இல்லை. பிள்ளை எதில் ஈடுபடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியர் எழுத்தில் குறித்துப் பெற்றோர்க்கு அனுப்புவார். அப்பள்ளியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பரோ என்னும் ஆங்கிலேயர், 1972இல் எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்னும் சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கும் தேர்வில்லை, வயது வாரியான வகுப்பும் இல்லை.

இவை நல்ல முயற்சிகளே. எனினும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. ரிஷிவாலி கட்டணம் செலுத்தும் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. ஆசிரியர்கள் நிரம்பக் கற்றவர்கள். வீட்டில் புத்தகம் உண்டு. அத்தகைய இடத்தில் தேர்வை விலக்குவது அரிய செயலா? வேலிக்கு வெளியே வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குச் செல்வோரின் பிள்ளைக்கு அது பயன்படுமா? உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது.

1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா ராவ் என்னும் தம்பதியர் ரிஷிவாலியைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் ஓராசிரியர்ப் பள்ளிகளை உருவாக்கினர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், முப்பது பிள்ளைகள் அளவில் ஒரு பள்ளி. அம்முப்பது பேரும் முதல் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகள் வரை பரவியிருப்பர். மழை பெய்தால் விதைப்பு, விளைந்தால் பறிப்பு, இரண்டுமில்லாத நாளில் ஆடு மேய்ப்பு. பதினைந்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கோ சென்றிருக்கும். ஆண்டிறுதியில் அவன் தேறமாட்டான். அடுத்த ஆண்டு தம்பியோடு அமர வெட்கப்பட்டு நின்றுவிடுவான். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நின்றுபோவதற்குப் பெரும் காரணம் இதுவே. அறிவுக் குறைவு அன்று.

இதற்கு அவர்கள் கண்ட வழியைச் சற்று விரித்துக் காண்பது தகும். ஆண்டுப் பாடம் முழுவதையும் மிகச் சிறிய படிகளாக நறுக்கினர். ஒவ்வொரு படியிலும் சில செயல்கள்: புதியதை அறிமுகம் செய்வது ஒன்று, பழக்குவது சில, கற்றதைச் சோதிப்பது ஒன்று, சோதனையில் தடுமாறியவர்க்கு மீண்டும் கற்பிப்பது ஒன்று, விரைந்து முடித்தவர்க்கு மேலும் சுவை ஊட்டுவது ஒன்று. ஒவ்வொரு செயலும் ஓர் அட்டையில் எழுதப்பட்டது. அட்டையின் மூலையில் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதை ஏணி போன்ற ஒரு பெரிய படம் காட்டும். அது சுவரில் தொங்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தன் சின்னத்தை அறியும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறியும். சென்று தன் அட்டையைத் தானே எடுத்து வரும்.

பிள்ளைகள் வயதுப்படி அமர்வதில்லை. செய்யும் வேலையின்படி குழுவாக அமர்கின்றனர். ஆசிரியர் உடன் இருந்து கற்பிக்கும் குழு ஒன்று. அவர் இடையிடையே எட்டிப் பார்க்கும் குழு ஒன்று. மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லித்தரும் குழு ஒன்று. தனியே கற்போர் குழு ஒன்று. ஆசிரியர் எல்லாரையும் நோக்கி ஒரே சமயத்தில் உரக்கப் பேசுவதில்லை. திண்ணைப் பள்ளியின் இரண்டு நற்குணங்கள், பிரம்பும் நெட்டுருவும் இல்லாமல், இங்கே திரும்பி வந்தன எனலாம்.

இனி, சோதனைக்கு வருவோம். தேர்வு இங்கே ஒரு நாளில் இல்லை. ஒரு படியில் இருக்கிறது. பிள்ளை எந்நாளில் அந்த அட்டைக்கு வந்து சேர்கிறதோ அந்நாளே அதற்குத் தேர்வு நாள். பக்கத்திலிருக்கும் பிள்ளை அன்று வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்; ஆகையால் ஒப்பிட ஆள் இல்லை. தேர்வின் முடிவு, அடுத்து எடுக்கவேண்டிய அட்டை எது என்பதையே கூறும். தேறினால் மேற்படி; தடுமாறினால் அத்தடுமாற்றத்துக்கு என்றே ஆக்கிய வேறொரு அட்டை. தோல்வி என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை. பதினைந்து நாள் கடலை பறிக்கச் சென்ற பிள்ளை திரும்பி வந்தால், தான் விட்ட அட்டையிலிருந்து தொடங்கும். பாடம் அதற்காகக் காத்திருக்கும். மருத்துவர் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்கேயன்றி நோயாளிகளை வரிசைப்படுத்துவதற்கு அன்று. தொடக்கப்பள்ளித் தேர்வின் பயனும் அவ்வளவே என்பது நம் கருத்து.

ஊராரும் பிள்ளைகளின் கல்வியைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தனர். ‘மெட்ரிக் மேளா’ என்று ஒரு விழா. பிள்ளைகள் கடை பரப்புவர்; தராசும் அளவுகோலும் பிடித்து எடையும் நீளமும் அளந்து காட்டுவர்; காசு வாங்கிச் சில்லறை கொடுப்பர். கையெழுத்துப் போடத் தெரியாத தாயும் தன் மகள் சில்லறையைச் சரியாக எண்ணித் தருகிறாளா என்பதை அறிவாள் அல்லவா? மதிப்பெண் பட்டியலை வாசிக்க இயலாத பெற்றோர்க்கு இதனினும் தெளிவான முன்னேற்ற அறிக்கை ஏது?

மாவட்டத்துக்கு வெளியே முதலில் இதனை எடுத்துக்கொண்டவர்களுள் கன்னடத்து ஆசிரியர்கள் சிலர் இருந்தனர். மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் ரிஷிவாலிக்கு வந்து கண்டு சென்று, 1995இல் ‘நலி கலி’ என்னும் பெயரால் தம் பள்ளிகளில் தொடங்கினர். மகிழ்ந்து கற்றல் என்பது பொருள். குஜராத்தில் 2010இல் ‘பிரக்ஞா’ என்னும் பெயரால் இதே வழி பின்பற்றப்பட்டது.

தமிழகத்துக்கு இது வந்த வழி வேலூர் வழியாகும். அங்கு ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களின் பள்ளிகளில் ஈடுபட்டிருந்தார். எட்டு வயதிலும் பத்து வயதிலும் முதன்முதல் பள்ளி காணும் அப்பிள்ளைகளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? வழக்கமான முறையில் அதற்கு விடை இல்லை. பின்னர் அவர் சென்னை மாநகராட்சியின் ஆணையர் ஆனபோது, மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவாலிக்கு அனுப்பப்பட்டனர். 2003இல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கிற்று. ஏணியும் அட்டையும் தமிழாயின. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகை தீட்டப்பட்டது. தலைக்குமேல் கம்பி கட்டி அதில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கவிடப்பட்டன. வருகையைப் பிள்ளையே பதிவு செய்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். இதுவன்றோ புரட்சி!

2007–08ஆம் கல்வியாண்டில் இம்முறை தமிழகம் முழுவதும், சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் விரிந்தது. இங்கேதான் நாம் சற்றுத் தயங்க நேர்கிறது. ரிஷிவாலியின் சிற்றூர்ப் பள்ளிகளில் அட்டை எழுதியவர்களும் அதைக் கையாண்டவர்களும் நாள்தோறும் கூடிப் பேசும் தொலைவில் இருந்தனர். சரியாக அமையாத அட்டையைத் திருத்தி எழுதினர். முப்பத்தேழாயிரம் பள்ளிகளில் அது எங்ஙனம் இயலும்? அட்டைகள் சென்னையிலிருந்து அச்சாகி வந்தன; கிழிந்தால் மாற்று இல்லை. ஆசிரியர் பலர் இதனைத் தாம் தேர்ந்த முறையாகக் கொள்ளாமல், மேலிடம் இட்ட ஆணையாகக் கொண்டனர். மேற்பார்வைக்கு வந்தோர் பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, அடைவு அட்டவணையில் கட்டங்கள் நிரம்பியுள்ளனவா என்று பார்த்த இடங்களும் உண்டு. பழைய இன்ஸ்பெக்டர் வேறு உடையில் வந்துவிட்டார்! பெற்றோர்க்கும் மனக்குறை இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையும் வீட்டுப்பாடமும் காணாதபோது, பள்ளியில் வெறும் விளையாட்டே நடக்கிறது என்று எண்ணினர்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக் காலம் தமிழகத்து ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர், ஆசிரியரின் மேசையை அஞ்சாமல் தம் கையால் தம் பாடத்தை எடுத்துப் படித்தனர். ஒரு தலைமுறை ஆசிரியர்கள், வகுப்பறையில் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது இயற்கை விதி அன்று என்று கண்டுகொண்டனர். முறை தளர்ந்தபின்னும் இவ்வறிவு தளரவில்லை.

அரசு விதிகளும் இதற்கிடையே மாறின. தொடக்கக் கல்வி முடியும்வரை பொதுத்தேர்வும் வகுப்பில் நிறுத்தலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விதித்தது. தொடர்ந்து மதிப்பிடுமாறும் கூறிற்று. தமிழகத்தில் 2012–13இல் முப்பருவ முறை வந்தது: நாள்தோறும் செய்யும் வேலைக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. இராதாகிருஷ்ணன் குழு பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது சிறு பள்ளிக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயின. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பிள்ளையை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறக்கப்பட்டது. தமிழக அரசு அவ்வாண்டு அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு எழவே 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தனர். ஏணி என்ற பெயர் இல்லை. ஏணியின் எண்ணம் உண்டு.

தாயகம் விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆறு வயதில் கன்னடமோ தெலுங்கோ மராத்தியோ கற்பிக்கும் பள்ளியில் சேர்கிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே தாளை நீட்டும் தேர்வு, அப்பிள்ளைக்கு மொழி தெரியாததை அறிவில்லாததாகக் காட்டிவிடும். கணக்கு வினாவும் அயல்மொழியில்தானே எழுதப்பட்டிருக்கும்? அந்த ஒரு தாளைக் கொண்டு பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டிய வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அம்முடிவைப் பிள்ளையும் நம்பிவிடுவதே பெருங்கேடு. குப்பத்திலும் நகரியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தமையால் அங்குள்ள பிள்ளைகள் பலர் இவ்விடரினின்று தப்பினர். பெங்களூரிலோ புனேயிலோ எல்லார்க்கும் அவ்வாய்ப்பு இல்லை.

நலி கலிப் பள்ளி ஒன்றில் சேர்ந்த தமிழ்க் கூலித் தொழிலாளியின் மகனை எண்ணிப் பார்ப்போம். அங்கே மொழிக்கு ஓர் ஏணி; கணக்குக்கு வேறோர் ஏணி. கன்னட ஏணியில் அவன் அடிப்படியில் நிற்கலாம். அவன் வயதினர் மேலே சென்றிருக்கலாம். கணக்கு ஏணியிலோ, வீட்டில் தந்தையோடு கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணிப் பழகிய அவன், அவர்களுக்கு மூன்று படி முன்னே நிற்கலாம். ஆசிரியர் இரண்டையும் ஒரே சுவரில் காண்கிறார். கன்னட அட்டையை அவனுக்குச் சொல்லித்தரப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அமர்கிறாள். மதியம் கணக்குக் குழுவில் அவளுக்கு அவன் சொல்லித்தருகிறான்.